பத்து சென்ட் பரிசும் வீட்டுக் கணினியின் இழைகளும்

திருப்பதியில் 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர்களில் ஒருவர் மதுகுமல்லி வேங்கட சுப்பாராவ். குண்டூர்ப் பக்கத்து யாஜலியில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1941-இல் முதுகலை முடித்தவர், ஆர். வைத்தியநாதசுவாமியின் மாணவர். 1963-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், 1966-இல் எல். ஜே. வாரனோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தாளிலும் பென்சிலிலும் தொடங்கிய அந்தக் கணக்கு வீட்டுக் கணினியின் செயலி இழைகள் வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதே இங்கே பேசுபொருள்.

கணக்கு எளிதுதான். ஓர் எண்ணின் வகுத்திகளில், வகுத்தியும் ஈவும் பொதுக் காரணி இல்லாமல் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை யூனிட்டரி வகுத்திகள் என்பார்கள். 60-க்கு அவை 1, 3, 4, 5, 12, 15, 20, 60. கடைசி 60-ஐ விட்டுவிட்டுக் கூட்டினால் மறுபடியும் 60. இத்தகைய எண்தான் யூனிட்டரி நிறைவெண். சுப்பாராவும் வாரனும் தந்தவை நான்கு: 6, 60, 90, 87360. ஒற்றைப்படை எண் எதுவும் இந்த வரிசையில் வராது. அதை ஐந்தே வரியில் நிறுவலாம்.

ஐந்தாவதை 1975-இல் சார்லஸ் வால் வெளியிட்டார்: 146361946186458562560000. 24 இலக்கம். இதைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணி தேடும் வேலை எங்கே நுழைகிறது என்பது தெரியும். இதில் 2 பதினெட்டு முறை வருகிறது. விதி இது: எண்ணில் உள்ள ஒவ்வொரு பகா அடுக்கோடும் 1 கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் எண்ணின் இரு மடங்கு வர வேண்டும். அதனால் 2¹⁸+1-இன் காரணிகள் அத்தனையும் எண்ணுக்குள் இருந்தாக வேண்டும். 2¹⁸+1 = 5 × 13 × 37 × 109. சரி, 109 வந்துவிட்டது; அதனால் 110 = 2 × 5 × 11 வேண்டும். 37 வந்ததால் 38, அதாவது 19 வேண்டும். 19 வந்ததால் 20, மறுபடி ஒரு 5. 5-ஐ நான்கு முறை வைத்தால் 5⁴+1 = 626 = 2 × 313; 313 வந்தால் 314, அதில் 157; அதற்கு 158, அதில் 79; அதற்கு 80, அதில் இன்னொரு 5. ஆக 2¹⁸+1, 110, 20, 80 நான்கும் ஒவ்வொரு 5 கொடுத்து 5⁴-க்குக் கணக்கு நேராகிறது. கடன் வாங்கி இன்னொரு கடன் அடைக்கும் குடும்பக் கணக்கு மாதிரி இது. வால் கண்ட எண்ணில் கடைசிக் கடன் வரை தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே ஆறாவதைத் தேடுபவர், அதில் 2 வரும் தடவையை a என்று வைத்து, 2ᵃ+1-ஐக் காரணிப்படுத்தியே ஆக வேண்டும். கன்னிங்காமும் உட்டாலும் 1925-லேயே இத்தகைய எண்களுக்கு அட்டவணை போட்டார்கள். எண் பகா எண்ணா என்று சொல்வது வேறு, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவதற்கு 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் வழி சொல்லிவிட்டார்கள், இரண்டாவது இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதற்குப் பொமரன்சின் இருபடிச் சல்லடை 1981-இலும், ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறை அந்தப் பத்தாண்டின் நடுவிலும், பொலார்டின் எண்புலச் சல்லடை அதன் கடைசியிலும் வந்தன.

முறைகள் இப்படி வளர, கணினியும் வளர்ந்தது. 2002-இல் இன்டெல் செயலியின் ஒரு கோரை இரண்டு இழைகளாகக் காட்டத் தொடங்கியது. 2005-இல் இரட்டைக் கோர் செயலிகள் மேசைக்கு வந்தன. 2009-இல் பெஞ்சமின் மூடி என்பவர் ஒரு கால்குலேட்டரின் 512 பிட் சாவியைச் சாதாரண இரட்டைக் கோர் கணினியில் 73 நாளில் காரணிப்படுத்தி உடைத்தார். பத்தாண்டுக்கு முன் அதே அளவு எண்ணுக்கு நூற்றுக்கணக்கான கணினிகள் தேவைப்பட்டன.

இழைகளை அமைப்பதில் பலர் செய்யும் தவறு, இருக்கிற அத்தனையையும் ஒரே வேலையில் தள்ளுவது. வேலையின் கட்டங்கள் ஒரே குணமுடையவை அல்ல. இருபடி, எண்புல முறைகளின் சல்லடைக் கட்டத்தில் ஒவ்வொரு இழைக்கும் தனி வரம்பைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை வேண்டாம். ஆனால் சல்லடைத் துண்டு செயலியின் முதல் நிலைக் கேச்சுக்குள் அடங்க வேண்டும். பல செயலிகளில் அது 32 கிலோபைட்தான். ஒரு கோரில் இரண்டு இழை ஓடினால் அந்த இடத்தை இரண்டும் பங்கிட வேண்டும். சல்லடை முடிந்து அணிக் கட்டம் வந்ததும் நிலைமை தலைகீழ். அங்கே தடை நினைவகப் பாதை. பாதை நிரம்பிய பின் இழை கூட்டினால் மின்கட்டணம்தான் கூடும். 2020-இல் உடைபட்ட ஆர்எஸ்ஏ-250 என்ற 829 பிட் எண்ணுக்கு ஏறத்தாழ 2,700 கோர்-ஆண்டுகள் ஆயின. அதில் 2,450 சல்லடைக்கே போயிற்று.

நீள்வட்ட வளைவு முறையில் இன்னொரு கணக்கு. முதல் கட்டம் கொஞ்ச நினைவகத்தில் ஓடும், கோருக்கு ஒரு வளைவு என்று விடலாம். இரண்டாம் கட்டம் நினைவகத்தை அள்ளும். அங்கே பாதி இழைகளை நிறுத்துவதே லாபமாகலாம். சித்திரை வெயிலில் திருப்பதியில் கணினியை இரவு பகலாக ஓட்டுபவருக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு: சூடு ஏறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; எட்டு இழை மூச்சு வாங்குவதைவிட ஆறு இழை சீராக ஓடுவது மேல்.

சுப்பாராவ் கணக்குக்கு என் முடிவு இது. அதில் வருவது ஒரே ஒரு பூதாகரமான எண் அல்ல; ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் நடுத்தர எண்களின் கூட்டம். அடுக்கு சில நூறு வரை 2ᵃ+1-இன் காரணிகள் அட்டவணையில் தயாராக இருக்கின்றன. அதற்குப் பின் வருவனவற்றில் நூறு இலக்கத்துக்குக் கீழ் உள்ளவற்றை ஓர் இழைக்கு ஓர் எண் என்று பகிர்ந்து கொடுப்பதே சரி. எல்லா இழைகளையும் ஒரே எண்ணில் குவிப்பது இங்கே வீண்.

யூனிட்டரி நிறைவெண்களின் எண்ணிக்கை முடிவுள்ளதே என்பது சுப்பாராவின் ஊகம். கேள்வியைத் தீர்ப்பவருக்கு கார்லிட்ஸ், எர்டிஷ், சுப்பாராவ் மூவரும் 10 டாலர் அறிவித்தார்கள். புதிதாக ஓர் எண் கொண்டுவந்தால் 10 சென்ட் என்று சுப்பாராவ் தனியாகச் சேர்த்தார். அவர் 2006-இல் காலமானார். ஆறாவது எண் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.