கணையம் மாற்றிய வரலாறு

கணையம் நீங்கின் நீரிழிவு தோன்றும் என்பதை 1889ஆம் ஆண்டில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் நாய்களிடம் கண்டனர். 1893இல் பிரிஸ்டல் நகரில், நோயால் நலிந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக் கணையத் துண்டுகளைப் பதித்தனர். மூன்றே நாளில் அவன் மாண்டான்.

1966 டிசம்பர் 17ஆம் நாள் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் கெல்லி, லில்லஹை ஆகியோர் 28 வயது மங்கைக்கு மனிதக் கணையத்தைச் சிறுநீரகத்துடன் பொருத்தினர். சின்னாள் அவள் இன்சுலினின்றி வாழ்ந்தாள். ஆயினும் சில திங்களில் மறைந்தாள்.

அயலுறுப்பை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பதே பெருந்தடை. குருதியில் சர்க்கரை ஏறும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவே, ஊசியால் சிறிது திசு எடுத்து, வெள்ளணுக்களின் படையெடுப்பை நுண்ணோக்கியில் மதிப்பிடுகின்றனர். அதற்கான பான்ஃப் வகைப்பாடு 2008இல் வெளிவந்தது. எதிர்ப்பைத் தொடக்கத்திலேயே கண்டால்தான் மருந்து பலிக்கும், உறுப்பும் நிலைக்கும்.