பந்தயம் முடிந்த புரவிகள்

தேக்காவில் சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ்கோர்ஸ் சாலையில் இன்று குளம்பொலி இல்லை. உணவகங்களின் மணமே உண்டு. பெயர் மட்டும் பழமைக்குச் சான்று பகர்கின்றது. 1842ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சிங்கப்பூர் விளையாட்டுக் கழகம், மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில், பின்னாளில் ஃபேரர் பார்க் எனப்பெற்ற வெளியில் முதற் பந்தயத்தை நடத்திற்று. குதிரை பேணும் தொழிலில் பாவியான் தீவினர் அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தனர். ரோச்சோர் ஆற்றையொட்டி அவர்தம் குடியிருப்பும் இருந்தது. 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது.

பந்தய வரலாறு எழுதுவோர் வென்ற புரவிகளையே பாடுவர். ஓடி ஓய்ந்தது என்னாயிற்று என வினவுவோர் சிலரே. சில ஆண்டுகளே ஓடி ஓய்வுபெறும் குதிரைக்கு அதன்பின்னும் பதினைந்து, இருபது ஆண்டு வாழ்நாள் உண்டு. பந்தயக் கழகத்தின் கிளையாக 1951இல் தோன்றிய புக்கித் தீமா குதிரையேற்றக் கழகம் இவ்வினாவிற்கு விடை கண்டது. ஓய்வுபெற்ற பந்தயப் புரவிகளை மீண்டும் பழக்கி, ஏற்றம் பயில்வோர்க்கு உரியனவாக்கிற்று.

இஃது எளிய பணியன்று. பந்தயக் குதிரை கற்றது ஒன்றே: கடிவாளம் இறுகினால் அதன்மேற் சாய்ந்து இன்னும் விரைதல். அதே கடிவாளம் இறுகும்போது இனி அது தணிதல் வேண்டும். இருபுறமும் ஒருபடித்தாய் வட்டமிடல், பின்னங்கால்களில் உடற்பாரம் தாங்கி நடத்தல், ஏறியிருப்பவர் முதுகை நிமிர்த்திய அளவிலேயே நிற்றல் ஆகியவற்றைப் பல திங்கள் பொறுமையோடு பயிற்ற வேண்டும். சாட்டை இங்கே உதவாது. வலிந்து பெறும் செயலில் அழகில்லை என்பது கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்துச் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் உணர்த்திய கருத்து. பதினாறாம் நூற்றாண்டில் வேரூன்றிய வியன்னாப் பள்ளி இன்றும் அம்மரபைப் போற்றுகின்றது. தமிழர்க்கும் இது புதிதன்று. கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை காட்டும். குதிரையின் நடையை ஐங்கதி என வகுத்தனர் நம் முன்னோர். வகுத்த பெயர்கள் நிகண்டில் உறங்க, பயிற்சி பிறர் கையில் நிலைத்தது என்பதே வருத்தம்.

1999இல் பந்தயம் கிராஞ்சிக்குச் சென்றது. நிலத்தைப் பிற தேவைகளுக்கு மீட்பதென அரசு 2023இல் அறிவித்தபோது அங்கு ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. அதன்பின் இலாயங்கள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. குதிரைகள் பல கடல் கடந்தன. ஏற்றக்கலைக்கு மாணாக்கர் இன்றும் உளர். ஓடி ஓய்ந்து அவர்களிடம் வந்து சேரும் உள்ளூர்ப் பந்தயப் புரவிதான் இனி இல்லை.