கார் மெருகூட்டலுக்கு முந்தைய ஆய்வு

கார் மெருகூட்டலுக்கு முந்தைய ஆய்வு என்பது, வாடிக்கையாளர் ஒப்படைக்கும் காரின் வெளிப்பூச்சு, கண்ணாடி, சக்கரங்கள், உட்பகுதி ஆகியவற்றின் நிலையை வேலை தொடங்கும் முன் பார்த்தும் அளந்தும் பதிவு செய்யும் செயல்முறை ஆகும். கார் டீட்டெய்லிங் எனப்படும் தொழில்முறைத் தூய்மையாக்கல், மெருகூட்டல் பணியின் முதற் கட்டம் இதுவே. மெருகூட்டலின்போது பூச்சின் ஒரு பகுதி தேய்த்து நீக்கப்படுகின்றது. அவ்வாறு நீக்கிய பூச்சை மீண்டும் பெறப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே எந்தக் கீறலை நீக்கலாம், எதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே இவ்வாய்வின் முதன்மை நோக்கம் ஆகும்.

பூச்சின் அமைப்பு

தற்காலக் கார்களின் உலோகத் தகட்டின் மீது பொதுவாக நான்கு படலங்கள் உள்ளன. அவை கீழிருந்து மேலாகப் பின்வருமாறு:

1. மின்படிவுப் பூச்சு: துருப்பிடித்தலைத் தடுப்பது. ஏறத்தாழ 20 மைக்ரான்.
2. பிரைமர்: மேற்பூச்சு நன்கு ஒட்டிக்கொள்ள உதவுவது. ஏறத்தாழ 30 மைக்ரான்.
3. நிறப்பூச்சு: காருக்கு நிறம் தருவது. ஏறத்தாழ 15 மைக்ரான்.
4. தெளிபூச்சு: நிறமற்ற காப்புப் படலம். ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்.

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், தெளிபூச்சு முடியை விட மெல்லியது எனலாம். மெருகூட்டல் இயந்திரம் தேய்ப்பது இந்தப் படலத்தையே ஆகும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே. அளவுக்கு மீறித் தேய்க்கப்பட்ட கார், திருப்பி ஒப்படைக்கும் நாளில் பளபளப்பாகவே காணப்படும். தெளிபூச்சு வெளுத்து உரியத் தொடங்குவது பின்னரே தெரியவரும்.

கண்ணால் ஆய்தல்

தூசி கீறல்களை மறைக்கும். தூசியுடன் துணியால் துடைத்தால் புதிய கீறல்களும் உண்டாகும். ஆகவே காரை முதலில் வாடிக்கையாளருடன் சுற்றிப் பார்த்து, பின்னர் கழுவி உலர்த்தியே நுணுகி ஆய்வர்.

ஒளியின் தன்மைக்கேற்பக் குறைகள் வெளிப்படும். குழல் விளக்கின் பரவலான ஒளியில் தகட்டிலுள்ள ஒடுக்குகள் தெரியும். ஆனால் நுண்கீறல்கள் மறைந்துவிடும். நேர் வெயிலிலும் ஒற்றைப் புள்ளி எல்.இ.டி. விளக்கிலும் அவை சிலந்தி வலை போலத் தோன்றும். உண்மையில் இக்கீறல்கள் எல்லாத் திசைகளிலும் செல்பவை. ஒளிப் புள்ளியைச் சுற்றி வட்டத் திசையில் அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் போன்ற தோற்றம் உண்டாகின்றது. முன்னர் பூசிய மெழுகு போன்ற பொருள்கள் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கக்கூடும். ஆகையால் ஓரிடத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கலவையால் துடைத்துப் பார்ப்பதும் உண்டு.

தொட்டு ஆய்தல்

கழுவிய பின்னும் ஒட்டியிருக்கும் மரப்பிசின், பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள் முதலியவற்றைக் கண்டறிய, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பரப்பைத் தடவுவர். சொரசொரப்பு இருப்பின், மெருகூட்டும் முன் அவற்றை நீக்குதல் வேண்டும். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக நகர்த்தும்போது நகம் தடைபட்டால், அது ஆழமான கீறல் எனக் கருதப்படும். அத்தகைய கீறலை முழுவதும் தேய்த்து நீக்க முயல்வது தெளிபூச்சைத் துளைத்துவிடக்கூடும்.

தடிமன் அளத்தல்

பூச்சின் தடிமனை அளக்கும் கருவி, எஃகுத் தகட்டில் காந்தத் தூண்டல் முறையிலும் அலுமினியத் தகட்டில் சுழிமின்னோட்ட முறையிலும் இயங்குகின்றது. பிளாஸ்டிக் பம்பர்களை இக்கருவிகளால் அளக்க இயலாது. அதற்கு மீயொலிக் கருவி தேவை. ஒவ்வொரு தகட்டிலும் பல இடங்களில் அளப்பது வழக்கம்.

ஆலையில் பூசப்பட்ட பூச்சின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 250 மைக்ரானுக்கு மேல் இருந்தால், அது மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கலாம். 1000 மைக்ரானைத் தாண்டினால், டிங்கரிங் செய்து பட்டி பூசப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. பிற தகடுகளை விட ஓரிடத்தில் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், அங்கு முன்னரே மிகையாகத் தேய்த்திருக்கக்கூடும்.

எனினும் சாதாரணக் கருவி மொத்தத் தடிமனையே காட்டும். அதில் தெளிபூச்சின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டாது. மறுபடி பெயின்ட் அடித்த தகட்டில் அளவு மிகுந்திருந்தாலும் தெளிபூச்சு மெல்லியதாக இருக்கலாம். தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு எளிதில் தேய்ந்துவிடும் என்பதால் அவ்விடங்கள் தனியே குறிக்கப்படுகின்றன. மங்கல் வகைப் பூச்சை மெருகூட்டினால் அதன் தோற்றம் கெட்டுவிடும் என்பதால், அது இருக்கின்றதா என்பதும் பார்க்கப்படும்.

உட்பகுதி

இருக்கைக் கறைகள், தோல் வெடிப்புகள், நாற்றம், ஈரம் ஆகியவை குறித்துக்கொள்ளப்படும். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள், பவர் விண்டோ, ஏ.சி. முதலியவற்றின் இயக்கம், ஓடிய தொலைவு ஆகியனவும் பதிவு செய்யப்படும். பணம், ஆவணங்கள் போன்றவற்றை உரிமையாளரிடமே திருப்பித் தருவது நடைமுறை.

பதிவும் ஒப்புதலும்

கண்டறிந்த குறைகள் ஒளிப்படங்களுடன் படிவத்தில் குறிக்கப்பட்டு, வாடிக்கையாளரின் கையொப்பம் பெறப்படும். பழைய சேதத்துக்குத் தொழிலாளி பழியேற்பதையும், வேலையின்போது ஏற்பட்ட சேதத்தைப் பழையது எனக் கூறி வாடிக்கையாளரை ஏமாற்றுவதையும் இது ஒருங்கே தடுக்கின்றது.

இறுதியாக, ஏறத்தாழ இரண்டு அடிச் சதுரப் பரப்பில் மட்டும் மெருகூட்டிப் பார்ப்பர். மிக மென்மையான பாலிஷில் தொடங்கி, தேவையாயின் மட்டுமே கடுமையானதற்கு மாறுவர். இச்சோதனையின் விளைவைக் கொண்டே வேலையின் அளவும் கட்டணமும் முடிவு செய்யப்படுகின்றன.