தென் துருவ ஆய்வில் இராணுவ விமானங்கள்

அண்டார்க்டிகாவில் அறிவியல் ஆய்வுக்கு இராணுவ விமானங்கள் துணைநிற்கும் ஏற்பாடுகளில் மிகப் பெரியது அமெரிக்காவின் 'ஆபரேஷன் டீப் ஃப்ரீஸ்'. 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்கான ஆய்வு நிலையங்களை அமைக்க 1955இல் அமெரிக்கக் கடற்படை இதைத் தொடங்கியது.

1956 அக்டோபர் 31 அன்று ரியர் அட்மிரல் ஜார்ஜ் டுஃபெக் உட்பட ஏழு பேருடன் 'கே செரா செரா' என்ற ஆர்4டி விமானம் தென் துருவத்தில் இறங்கியது. 1912இல் ஸ்காட் குழு திரும்பிய பிறகு அங்கே மனிதக் கால் பட்டது அன்றுதான். குளிர் ஏறத்தாழ மைனஸ் 50 டிகிரி செல்சியஸ். இன்ஜினை அணைத்தால் மீண்டும் உயிர்பெறாது என்பதால் அது ஓடியபடியே இருந்தது. 49 நிமிடங்களில் கிளம்ப முயன்றபோது சறுக்குக் கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டிக்கொண்டன. உந்து ராக்கெட்டுகள் 15ஐயும் எரித்த பிறகே விமானம் மேலெழுந்தது.

1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கை அக்கண்டத்தில் இராணுவ நடவடிக்கைகளைத் தடை செய்தாலும், ஆய்வுக்கும் பிற அமைதிப் பணிகளுக்கும் படையினரையும் தளவாடங்களையும் பயன்படுத்த இடம் தருகிறது. இந்த ஒரு விலக்கு இல்லாமல் துருவ அறிவியல் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து மெக்மர்டோ நிலையம் சுமார் 3,800 கி.மீ.; சி-17 ஜெட் விமானம் ஐந்து மணி நேரத்தில் சென்றுவிடும். வழியில் 'இதைத் தாண்டினால் திரும்ப எரிபொருள் போதாது' என்றொரு எல்லை உண்டு. அதற்குள் வானிலை கெட்டால் வந்த வழியே திரும்புவார்கள். இதை 'பூமராங்' என்பார்கள். மெக்மர்டோவிலிருந்து துருவம் வரையுள்ள 1,350 கி.மீ.க்கு, சறுக்குக் கட்டை பொருத்திய எல்சி-130 ஹெர்குலிஸ் விமானங்கள் பறக்கின்றன. 1999இல் கடற்படைப் பிரிவு விலகியபின், நியூயார்க் விமான தேசியக் காவல்படையின் 109ஆவது பிரிவே இவற்றை இயக்குகிறது. இதே பிரிவு கிரீன்லாந்து ஆய்வு முகாம்களுக்கும் பறக்கிறது.

இவற்றின் பயனை 'ஐஸ்கியூப்' நியூட்ரினோ ஆய்வகத்தில் காணலாம். 2010 டிசம்பரில் முடிந்த இப்பணியில், வெந்நீரால் 86 துளைகள் சுமார் இரண்டரை கி.மீ. ஆழத்துக்கு இடப்பட்டு 5,160 உணரிகள் இறக்கப்பட்டன. உணரிகளும் துளையிடும் கருவிகளும் எல்சி-130களில்தான் துருவத்துக்கு வந்தன.

பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை துருவத்துக்கு வழக்கமான விமானப் போக்குவரத்து கிடையாது. 1999 குளிர்காலத்தில் அங்கிருந்த மருத்துவருக்கே மார்பகப் புற்றுநோய் கண்டது. ஜூலை மாத இருளில் விமானப்படை மருந்துகளை வானிலிருந்து போட்டுச் சென்றது; அவரை அழைத்துவர எல்சி-130 இறங்க முடிந்தது அக்டோபர் 16 அன்றுதான்.