சிரைத்தல் முதல் குரூமிங் வரை: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லையில் ஒரு தொழில் பெயர் பெற்ற வரலாறு

வளர்ப்பு நாய்க்கு முடி வெட்டி, நகம் நறுக்கி, குளிப்பாட்டி அனுப்பும் தொழிலுக்குத் தென் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இன்று வழங்கும் பெயர் ‘பெட் குரூமிங்’ என்பதாகும். எல்லைக்கு மேற்கே அது மலையாள எழுத்திலும் கிழக்கே தமிழ் எழுத்திலும் எழுதப்படுகிறது. சொல் மட்டும் ஒன்றே. மழித்தல், சிரைத்தல், கத்தரித்தல், திருத்துதல் என முடி சார்ந்த வினைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை, மலையாளத்திலும் அவ்வாறே. அவ்வாறிருக்க, இரு மொழிகளும் தம் சொற்களை ஒதுக்கிவிட்டு ஓர் ஆங்கிலச் சொல்லை ஏற்றது ஏன்? இக்கேள்விக்கான விடை அகராதியைவிட அப்பகுதியின் சமூக வரலாற்றிலேயே மிகுதியாக உள்ளது.

நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்ட பின்னரும் பேச்சு கலந்தே நிற்கிறது. நாயைப் ‘பட்டி’ என்னும் மலையாள வழக்கு விளவங்கோட்டுத் தமிழிலும் உண்டு. நாயின் மேல் ஒட்டும் உண்ணிக்கு மலையாளத்தில் ‘பட்டுண்ணி’ என்று பெயர். தமிழின் ‘தெள்ளு’ அங்கே ‘செள்ளு’ ஆகிறது. விலங்குடலைப் பேணுவது பற்றிய சொற்கள் இருபுறமும் பொதுவாக இருப்பது, அவ்வேலையும் இருபுறமும் பொதுவாக இருந்தமைக்குச் சான்றாகும்.

அவ்வேலை அக்காலத்தில் பெரும்பாலும் தனித் தொழில் அன்று. மாட்டை ஆற்றிலோ குளத்திலோ இறக்கி, வைக்கோல் பிரியாலோ தேங்காய் மட்டையாலோ தேய்த்துக் கழுவுவது வீட்டு வேலை அல்லது பண்ணையாளின் வேலை. உண்ணி பிடுங்குவதும் புண்ணில் வேப்பெண்ணெய் இடுவதும் தொழுவத்தைக் கூட்டுவதும் பெண்களின் அன்றாடப் பணிகளுள் அடங்கின. இவற்றுக்குத் தனிக் கூலியும் இல்லை; தனிப் பெயரும் இல்லை. வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவோர், மாட்டு வைத்தியர், யானைப் பாகர் போன்ற சிலரே விலங்கின் உடலைத் தொட்டுப் பிழைக்கும் தொழிலினராக அறியப்பட்டனர்.

இத்துறையில் எழுத்து மரபு இல்லாமலும் இல்லை. மாட்டு வாகடம் என்னும் வகை நூல்கள் தமிழில் ஏட்டிலும் அச்சிலும் வழங்கின. கேரளத்தில் தோன்றிய யானை நூலான மாதங்கலீலையைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் த. கணபதி சாஸ்திரி 1910இல் பதிப்பித்தார். இம்மரபு விலங்கின் முடியை நோக்கிய விதம் வேறானது. மாட்டின் உடலில் முடி சுழிந்திருக்கும் இடத்தைக் கொண்டு நற்சுழி, தீச்சுழி எனப் பிரித்து விலை பேசுவது சந்தை வழக்கு. முடி அங்கே ஓர் அடையாளமாகப் படிக்கப்பட்டது; வெட்டி அழகு செய்யப்பட வேண்டிய பொருளாக அது கருதப்படவில்லை.

ஆங்கிலச் சொல்லின் கதையும் பணியாளர் கதையே. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘குரூம்’ என்பது சிறுவனைக் குறித்தது. பின்னர் ஏவலாளைக் குறித்தது. அதன் பின்னரே குதிரை பேணுவோனுக்குரிய சொல்லாயிற்று. ‘பேணிச் சீர்செய்தல்’ என்னும் வினைப்பொருள் அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. காலனிய இந்தியாவில் இதே பணியாளுக்கு வட்டாரந்தோறும் வேறு பெயர்கள் இருந்தன. 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, வட இந்தியாவில் ‘சாயிஸ்’ என்றும் பம்பாயில் ‘கோடாவாலா’ என்றும் வழங்கியவரைச் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் ‘ஹார்ஸ்கீப்பர்’ என்றனர் எனக் குறிக்கிறது. நாய்களைப் பேணும் ஆளுக்கு ‘தோரியா’ என்ற பெயரையும் அது தருகிறது. கயிறு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆக, நாய் பேணும் கூலி வேலை இந்தியாவுக்குப் புதிதன்று. துரைமார் வீடுகளின் பணியாளர் பட்டியலில் அது கீழ் வரிசையில் இருந்தது.

முடி வெட்டும் தொழிலின் உள்நாட்டுச் சொற்கள் ஏன் இங்குப் பயன்படவில்லை என்பதை இப்போது நோக்கலாம். ‘சிரை’ என்னும் வினை தமிழிலும் மலையாளத்திலும் மழித்தலைக் குறிக்கும். இரு மொழிகளிலும் அது வசைச்சொல்லாகவும் நிற்கிறது. வேலையற்றவனையோ திறமையற்றவனையோ இழிக்க வேண்டுமெனில், ‘சிரைக்கப் போ’ என்பது எல்லையின் இருபுறமும் கேட்கும் ஏச்சாகும். வினையில் இழிவு ஏதுமில்லை. அதைச் செய்தவருக்குச் சாதி அமைப்பு அளித்த இடமே வினையின் மேல் படிந்தது. இத்தனைக்கும் நாவிதர் சமூகத்தார் முடி திருத்துவோராக மட்டும் இருக்கவில்லை. அறுவை மருத்துவமும் அவர்தம் பெண்டிர் வழியே பேறுகால மருத்துவமும் அவர்களிடம் இருந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதி, திருவிதாங்கூரில் நாவிதரைப் ‘பிராணோபகாரி’ என வழங்கியதைப் பதிவு செய்கிறது. உயிருக்கு உதவுபவர் என்பது அதன் பொருள். ஒரே தொழிலினர்க்கு உயிர் காப்பவர் என்னும் பெயரும் வசைச்சொல்லும் ஒருங்கே வாய்த்திருந்தன. மனிதர்க்கான தொழிலில் ‘முடிதிருத்தகம்’, ‘சலூன்’ என்னும் புதுப்பெயர்கள் பரவியதற்குப் பழைய பெயரின் சுமையை இறக்கிவைக்கும் தேவையும் ஒரு காரணம். விலங்குக்கான தொழில் பிறக்கும்போதே புதுப்பெயருடன் பிறந்தது.

இம்மாற்றத்தில் கல்வி இரு வழிகளில் செயல்பட்டது. முதலாவது, பொதுக்கல்வி. பாறசாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தின் நிலையங்களுள் ஒன்று. பள்ளிகள் அவ்வழியே பரவின. ஆனால் பள்ளி வாயில் எல்லார்க்கும் தானாகத் திறக்கவில்லை. பண்ணைகளில் உழுது, மாடு பேணி வாழ்ந்த புலையர் சமூகத்தின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டி அய்யன்காளி வேளாண் வேலைநிறுத்தம் நடத்தினார். அன்றைய நெய்யாற்றின்கரைத் தாலூகாவைச் சேர்ந்த ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் முயன்றதும், அதையொட்டிக் கலவரம் மூண்டு பள்ளி எரிக்கப்பட்டதும் கேரளச் சமூக வரலாற்றில் நன்கறியப்பட்டவை. மாடு பேணியவரின் பிள்ளை எழுத்தறிந்தால் மாடு பேண ஆளிருக்காது என்னும் அச்சமும் அவ்வெதிர்ப்பில் கலந்திருந்தது எனக் கருத இடமுண்டு. கல்வி பெற்ற தலைமுறை தொழுவத்தை விட்டு நீங்கியது இயல்பே.

இரண்டாவது, தொழிற்கல்வி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பை ஏற்றது. கேரளத்தில் மண்ணுத்திக் கல்லூரி 1955இல் தோன்றியது. கால்நடைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 2010இல் அமைந்தது. எல்லைக்கு இப்பால் திருநெல்வேலிக் கல்லூரி 2012இல் வந்தது. இவற்றினூடே 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் ஒரு கோட்டை வரைந்தது: பதிவு பெற்றவரே விலங்கு மருத்துவம் செய்யலாம், சிறு பணிகளை மட்டும் சான்றிதழ் பெற்ற உதவியாளர் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். விலங்கு நலனுக்கு அச்சட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அதன் மறுபக்கம், முன்பு ஒரே கையில் இருந்த இரண்டு வேலைகள் பிரிந்தமையாகும். நோய் தீர்ப்பது ஒருபுறமும் உடல் பேணுவது மறுபுறமும் நின்றன. குரூமிங் என்னும் தனித்தொழில் நிற்பதற்கான இடம் இப்பிரிவினால் உருவாயிற்று.

தொழில்நுட்பமோ முதலில் விலங்கையே மாற்றியது. 1938இல் திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின; பின்னர் லாரிகள் பெருகின. வண்டி மாடு குறையவே லாடம் கட்டும் தொழில் தேய்ந்தது. 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டமும் அதன் வழியே பரவிய செயற்கைக் கருவூட்டலும் வீட்டு மாட்டைக் கலப்பின மாடாக்கின. பால் மிகுந்தது, உண்ணியும் அது கொண்டுவரும் காய்ச்சலும் நாட்டு மாட்டைவிடக் கலப்பினத்தை எளிதில் தாக்கின. பேணும் முறையும் மருந்தும் மாறியே தீர வேண்டியதாயிற்று.

நாயிலும் இதுவே நடந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழகத்து நாயினங்கள் யாவும் குட்டை முடி உடையவை. ஈரத்துணியால் துடைத்தாலும் போதும். கத்தரிக்கு அங்கே வேலையில்லை. ஷிட்சு, பூடில் போன்றவற்றின் முடி உதிராமல் வளர்ந்துகொண்டே போவது. வெட்டாவிடில் சிக்குப் பிடித்துத் தோலைப் புண்ணாக்கும். நாய்களின் முடி வேறுபாடுகளுள் பெரும்பகுதிக்கு மூன்று மரபணுக்களே காரணம் என 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அம்மரபணுக்களின் சில வடிவங்களை மனிதர் தேர்ந்து பெருக்கியதன் விளைவே, வாழ்நாள் முழுதும் பிறர் கையால் முடி வெட்டப்பட வேண்டிய ஒரு விலங்கு. பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் நாய்முடி வெட்டுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெருத்தொழிலினராக இருந்ததற்கும், நம் ஊர்களில் அத்தொழில் அண்மை வரை தோன்றாமைக்கும் இதுவே அடிப்படை. தேவை விலங்கோடு சேர்ந்தே இறக்குமதியாயிற்று.

கருவியின் பயணமும் நோக்கத்தக்கது. இயந்திரத்தால் முடி வெட்டுவது ஆட்டிலும் குதிரையிலும் முன்னரே பழகப்பட்ட ஒன்று. ஆஸ்திரேலியாவின் டன்லப் பண்ணையில் 1888இல் இயந்திரக் கத்தரிப்பு பெருமளவில் நடந்தது. கைக்கு அடக்கமான மின் கத்தரிக்கு லியோ வால் 1919இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரினார். மனிதரின் முடிதிருத்தகத்துக்கு வந்த அக்கருவி அங்கிருந்து நாய்க்குச் சென்றது. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல்தான் இயங்கத் தொடங்கியது என்பதை நினைவிற்கொண்டால், எல்லைக் கிராமங்களுக்கு அக்கருவி எவ்வளவு தாமதமாக வந்திருக்கக் கூடும் என்பது விளங்கும்.

புதிய பயிற்சி தரும் அறிவு மெய்யானது. நாயின் தோலில் காரத்தன்மை மனிதத் தோலைவிட மிகுதி. ஆகவே மனித ஷாம்பு ஒவ்வாது. இரட்டை அடுக்கு முடி உடைய இனங்களை வெயிலுக்கு அஞ்சி ஒட்ட மழித்தால், வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கே போய்விடும். சப்பை மூக்கு நாயைச் சூடான உலர்த்தியின் முன் விட்டால் மூச்சுத் திணறி உயிர் போகவும் கூடும். இவற்றை அறியாத கை, கருவி எத்துணை உயர்ந்ததாயினும், தீங்கே செய்யும். பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

எனினும் சான்றிதழ் எதை அறிவென எண்ணுகிறது என்பதே இங்கு எழும் கேள்வி. மிரண்ட விலங்கை அதட்டாமல் நிறுத்துவது, காது மடலின் உட்புறத்தில் விரலால் தடவி உண்ணி இருக்குமிடம் காண்பது, தோலின் வெம்மையால் காய்ச்சலை உணர்வது ஆகியவை தொழுவத்தில் பயின்ற திறன்கள். அவற்றைக் கைவரப் பெற்ற பெண்களுக்கும் பண்ணையாட்களுக்கும் புதிய தொழிலில் நுழைய ஆங்கிலப் பாடமும் கருவிக்கான முதலும் தடையாகின்றன. மறுபுறம், இத்தொழிலுக்கு வரும் இளைஞரிடம் எச்சாதியினர் என்று கேட்கும் வழக்கம் அப்பெயரோடு வரவில்லை. சிரைத்தல் என்னும் பெயரில் வந்திருந்தால் பலர் இவ்வேலையை ஏற்றிருக்கவே மாட்டார்கள். பெயர் மாற்றம் ஒரு விடுதலையைத் தந்தது. அதே பெயர் பழைய அறிவுடையோரை வெளியே நிறுத்தியது. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே இவ்வரலாற்றை நேர்மையாக எழுதும் முறை.

இதனின்று மொழியியல், சமூகவியல் மாணவர்க்கு இரு பணிகள் எழுகின்றன. ஒன்று, தொழுவம் சார்ந்த எல்லைப்புறச் சொற்களைத் தமிழ், மலையாளம் என்று பிரிக்காமல் ஒரே தொகுப்பாகத் திரட்டுவது. அவற்றை வழங்கும் முதியோர் இருக்கும்போதே இது நிகழ வேண்டும். மற்றொன்று, அச்சொற்களைப் பயிற்சிப் பாடங்களில் இடம்பெறச் செய்வது. ‘பட்டுண்ணி’ என்றால் என்ன, அது எங்கே ஒளியும் என்பதை அறிந்த ஒருவர், அதன் ஆங்கிலப் பெயரை அறியாமையால் மட்டும் திறனற்றவர் ஆகிவிடமாட்டார். முன்பெற்ற திறனுக்குச் சான்று வழங்கும் நடைமுறை இந்தியத் தொழிற்பயிற்சித் திட்டங்களில் ஏற்கெனவே உண்டு. அதைத் தாய்மொழியில், தொழுவத்தின் வாசலிலேயே நடத்த இயலுமானால், உயிருக்கு உதவுபவர் என்னும் பழம்பெயரின் பொருள் இத்தொழிலுக்கும் உரியதாகும்.