பாராமகால் மலைகளும் பட்டாளத்தாரின் நீர்வண்ணமும்

பிழைப்புக்காக அன்றி மனநிறைவுக்காகவே மலையின் முன் அமர்ந்து, தாளில் மையும் நீர்வண்ணமும் தீட்டும் பழக்கத்தைச் சவ்வாது மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தது ஒரு போர். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும் ஆலங்காயம் 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கும் முன்னர், பன்னிரு மலைக்கோட்டைகளின் நாடு என்று சொல்லப்பட்ட பாராமகாலின் எல்லைக்குள் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இப்பகுதியின் மலைகள் தாளில் பதிவானதும் அப்போரையொட்டியே.

நிழற்படக் கருவி இல்லாத அக்காலத்தில் கோட்டையின் உயரம், பாறையின் சரிவு, ஏறுபாதையின் வளைவு, சுனை இருக்கும் இடம் ஆகியவற்றை மேலதிகாரிக்குத் தெரிவிக்கச் சித்திரமே வழி என்பதால், இங்கிலாந்தின் உல்லிச் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் வரைதல் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. 1768 முதல் அங்கே அதைப் போதித்த பால் சாண்ட்பி, ஆங்கில நீர்வண்ண நிலக்காட்சி ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். முதலில் பென்சிலால் கோடிட்டு, மையால் அதை உறுதிசெய்து, நீர்த்த கருமையால் நிழல் காட்டி, இறுதியில் மெல்லிய வண்ணப் பூச்சுகளை ஏற்றுவது அன்றைய முறை. வண்ணப்பொடியைக் கோந்துடன் பிசைந்து கட்டிகளாக வார்க்கும் உத்திக்காக ரீவ்ஸ் சகோதரர்கள் 1781இல் லண்டன் கலைச் சங்கத்தின் பரிசைப் பெற்றனர். ஒரு சிறு பெட்டியும் ஒரு குவளை நீரும் இருந்தால் வெட்டவெளியில் அமர்ந்து தீட்டலாம் என்ற நிலை உருவானதும், கடமைக்காகக் கற்ற கை ஓய்வு வேளையிலும் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே வில்லியம் கில்பின் வெளியிட்ட வை ஆற்றுப் பயணநூல், கரடுமுரடான பாறை, இடிந்த மதில், வளைந்தோடும் நீர் ஆகியவை கூடிய காட்சியைத் தேடிச் சென்று வரைவதையே ஓர் இன்பமாக்கிற்று.

அத்தகைய காட்சிகளுக்குப் பாராமகாலில் பஞ்சமில்லை. படையில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஆலன், ராபர்ட் கோல்புரூக் ஆகியோரின் மைசூர்க் காட்சித் தொகுப்புகள் 1790களில் அச்சேறின. 1792இல் இறந்த பீரங்கிப்படை அதிகாரி ஜேம்ஸ் ஹன்டரின் ஓவியங்கள் பல ஆண்டுகள் கழித்தே நூலாயின. இவர்கள் ஓவியத்தால் பிழைத்தவர்கள் அல்லர். தொழில்முறை ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியமும், போர் ஓய்ந்த கையோடு 1792இல் சென்னையிலிருந்து இப்பகுதி வழியாகப் பயணம் செய்து இராயக்கோட்டை, ஜெகதேவி முதலிய கோட்டை மலைகளை வரைந்தனர். அப்படங்களில் வானம் தெளிந்திருக்கிறது. மரநிழலில் ஆட்கள் இளைப்பாறுகிறார்கள். சற்று முன்னர்தான், 1791 நவம்பரில், கிருஷ்ணகிரிக் கோட்டை மீதான கம்பெனித் தாக்குதல் தோல்வியில் முடிந்திருந்தது என்பதற்கு எந்தச் சாயலும் இல்லை. அவற்றில் நிலவும் அமைதி உண்மையானதே; எனினும் அது வென்றவர்களின் அமைதி என்பதை மறந்து அவற்றைப் பார்ப்பது பாதிப் பார்வையாகும்.

வண்ணமும் மையும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. ஆம்பூருக்கு அருகே மலையாம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகையில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களில் எண்திசைக் காவலரின் உருவங்களும் தாமரையும் காணப்படுகின்றன. சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் கடுக்காயின் துவர்ப்புச் சத்து, அன்னபேதி எனப்படும் இரும்பு உப்புடன் சேர்ந்தால் கருமையாகும்; தமிழர் பயன்படுத்திய கடுக்காய் மை இவ்வகையினது. மாசிக்காயிலிருந்து ஐரோப்பியர் காய்ச்சிய எழுதுமையும் இதே வினையால் கறுப்பதே என்பதால், இருவேறு உலகத்தாரின் எழுத்தும் ஒரே வேதியியலில் நின்றது எனலாம். இம்மண்ணில் இல்லாதிருந்தது, வழிபாட்டுக்கோ கதைக்கோ அன்றி, கண்முன் நிற்கும் மலையை அதன் பொருட்டே தாளில் வரையும் வழக்கம்தான்.

அவ்வழக்கம் பின்னர் போர்க்களத்தை விட்டுக் கோடைவாசத்தலங்களுக்கு நகர்ந்தது. கேப்டன் ரிச்சர்ட் பாரன் நீலகிரிக் காட்சிகளை 1837இல் வெளியிட்டார். வைஸ்ராய் கானிங்கின் மனைவி சார்லட் 1858இல் அங்கே தங்கி நீர்வண்ணம் தீட்டினார். 1874இல் தமிழகம் வந்த ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர், இடத்திலேயே பென்சிலால் விரைந்து வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் இன்ன நிறம் என்று சொல்லால் குறித்துக்கொண்டு, மையும் வண்ணமும் பின்னர் ஏற்றுவார். நேரம் குறைந்தவருக்கு இதைவிட எளிய முறை இன்றும் இல்லை.

தமிழ் மாணவர்களுக்கு வரைதல் இன்பமாக அன்றி, தேர்ச்சியாகவே வந்து சேர்ந்தது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் நிறுவிய ஓவியப் பள்ளி கைத்தொழில் வளர்ச்சியையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. இன்றும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் ஆகியவற்றை லோயர், ஹையர் என்னும் இரு நிலைகளில் எழுதித் தேறுவோருக்கு வேலைக்கான சான்றிதழ் கிடைக்கிறதே ஒழிய, மலையைப் பார்த்து உட்கார ஒரு பிற்பகல் கிடைப்பதில்லை. ஆலங்காயத்தைச் சூழ்ந்த பள்ளிகளேனும் தங்கள் ஓவிய வகுப்பை அவ்வப்போது சவ்வாது மலைமீதுள்ள காவலூருக்குச் செல்லும் சாலைக்கு மாற்றி, மதிப்பெண் இல்லாமல் பிள்ளைகளை வரையவிட வேண்டும்.