சிறுநீரகத்தை அளந்த வரலாறு

உடலுறுப்புக்களுள் தன் குறையைத் தானே மறைக்கும் இயல்புடையது சிறுநீரகம். பல்லில் நோயுண்டாயின் வலி உணர்த்தும். ஈரல் கெட்டால் கண் மஞ்சளிக்கும். சிறுநீரகமோ தன் ஆற்றலிற் பாதியை இழந்த பின்னரும் பெரும்பாலும் எவ்வித அறிகுறியுங் காட்டாது. அம்மறைவை ஒரு சிறுகுப்பிக் குருதியைக் கொண்டு வெளிப்படுத்த அறிஞர் முயன்ற வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது.

இவ்வரலாறு கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களுக்கு அயலானதன்று. 1990களில் வடமத்திய மாகாணத்து உழவரிடையே, காரணந் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. அந்நோய் பின்னர்க் காணப்பட்ட இடங்களுள் அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியாகிய தெஹியத்தகண்டியவும் ஒன்று. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உலகெங்கும் சிறுநீரகத்தைக் கெடுக்குந் தலையாய காரணங்கள். கரையோர நகரங்களும் அவற்றுக்கு விலக்கல்ல.

தசையினின்று தோன்றிச் சிறுநீரில் வெளியேறுங் கழிவுப்பொருள் கிரியேற்றினின். 1886இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் யாஃபே, அது பிக்கிரிக் அமிலத்தோடு காரநிலையிற் கூடிச் செம்மஞ்சள் நிறந் தருவதைக் கண்டார். 1926இல் டென்மார்க்கு நாட்டு றேபேர்க், தாமே கிரியேற்றினினை உட்கொண்டு, அது குருதியினின்று நீங்கும் வேகத்தை அளந்து, சிறுநீரகம் நிமிடந்தோறும் வடிகட்டும் அளவைக் கணித்தார். ஆயின், இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரைச் சிந்தாது சேகரித்தல் அன்றாட வைத்தியத்திற்கு அரியதாயிற்று.

அவ்விடரை நீக்க, 1976இல் கனடாவின் கொக்குறொவ்ற், கோல்ற் என்னும் இருவர் எளிய சூத்திரமொன்றை வெளியிட்டனர். 140இலிருந்து வயதைக் கழித்து, அதனை உடல் நிறையாற் பெருக்கி, கிரியேற்றினின் அளவை 72ஆற் பெருக்கிவந்த தொகையால் வகுத்தல் வேண்டும். அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முப்பது வயதும் 75 கிலோகிராம் நிறையும் உடைய இளைஞர் ஒருவரையும், வயலில் உழைத்து மெலிந்த, எழுபது வயதும் 45 கிலோகிராம் நிறையும் உடைய முதியவர் ஒருவரையும் எண்ணுக. இருவர் குருதியிலும் 100 மில்லிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் கிரியேற்றினின் உளது. இளைஞருக்குச் சூத்திரந் தருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 மில்லிலீற்றர். முதியவருக்கோ 36 மட்டுமே. எண் ஒன்று, உண்மை இரண்டு. அறிக்கையில் 'வழமையான அளவு' என்று கண்டு முழு அளவில் மருந்து கொடுப்பின், அம்மருந்து முதியவருடலில் தேங்கி நஞ்சாகவுங் கூடும்.

எனினும், அச்சூத்திரம் 249 ஆண்களின் அளவைகளினின்றே பிறந்தது. பெண்களுக்கு 15 வீதங் குறைத்துக்கொள்க என்ற விதி அவ்வளவைகளிற் கண்டதன்று. 1999இல் அமெரிக்காவில் 1628 நோயாளரைக் கொண்டு புதிய சூத்திரம் அமைந்தது. 2009இல் மேலுந் திருந்திய ஒன்று வந்தது. இவ்விரண்டும் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பெருக்கெண்ணைக் கொண்டிருந்தன. இனம் உடற்கூற்றளவையன்று என்னுங் கண்டனம் வலுத்தமையால், 2021இல் அது நீக்கப்பெற்றது. 2014இல் வெளியான கராச்சி ஆய்வு, தெற்காசிய மக்களிடத்து 2009ஆம் ஆண்டுச் சூத்திரத்திற்குத் திருத்தம் வேண்டுமெனக் காட்டிற்று. ஒரு நாட்டு உடல்களில் வார்த்த அளவுகோல் மற்றொரு நாட்டு உடல்களுக்கு அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

வாழ்க்கை முறையும் எண்ணை அசைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளில் சமைத்த இறைச்சியை மிகுதியாக உண்டபின் எடுத்த குருதியிற் கிரியேற்றினின் சிறிது உயர்ந்து தோன்றும். நோன்பு நாளில் வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடலிலும் அவ்வாறு நிகழலாம். ஆதலின், ஒரு நாளை எண்ணைக் கொண்டு நோயென்று அஞ்சுதலும், நோயில்லையென்று துணிதலுந் தவறு. வடிகட்டல் வீதம் 60க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேலாக நிலைத்தாலன்றி, அதனை மட்டுங்கொண்டு நாட்பட்ட நோயென உரைப்பதில்லை. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதங் கசிகின்றதா என்பதையும் உடனாராய்தல் வேண்டும். வீதம் குறையாதிருக்கும்போதே அக்கசிவு நோயைக் காட்டிக்கொடுப்பதுண்டு.

யாஃபேயின் நிறமாற்றத்திலிருந்து இற்றைக் கணினி அறிக்கை வரை எண் நுட்பமுற்றது. ஆயினும், அது மதிப்பீடேயன்றி முடிந்த முடிபன்று. எண்ணுக்குப் பின்னே நிற்கும் மனிதரின் வயதையும், மெலிவையும், உணவையும், உழைப்பையும் நோக்கும் வைத்தியரிடத்தேதான் அவ்வளவை முழுமை பெறுகின்றது.